குழாயில் ஊற்றப் போவது யார்?

மே 6, 2025, செவ்வாய்

இன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டிய ஆச்சி நாளைக்குத்தான் போகிறார். பக்கவாதம் வந்து சேர்ந்தவர், கானாடுகாத்தான் பக்கம், எழுபது தாண்டிய வயது, விழுங்க முடியாததால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். பில் தயார், மருந்து தயார், டாக்டர் கையெழுத்தும் ஆச்சு, கடைசியில் மகன் வந்து, "செவ்வாய்க்கிழமை வேண்டாம்னு வீட்டுல பெரியவங்க சொல்றாங்க சிஸ்டர், நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போறோம்" என்கிறார். பில் கவுண்டரில் முகம் சுளித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

ஏனென்றால் இங்கே எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் தாளில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவருக்குத்தான் எல்லாம் விளக்கிச் சொல்வது. இந்த மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தவர், தங்கமான மனிதர், சொன்னதையெல்லாம் போனில் டைப் பண்ணிக்கொண்டார், கேட்ட கேள்விகளும் நல்ல கேள்விகள். "சரி தம்பி, வீட்டுல யாரு ஊத்தப் போறாங்க?" என்று கேட்டால், கதவோரம் ஒயர் கூடையோடு நின்ற ஓர் அக்காவைக் கை காட்டினார். வீட்டு வேலைக்கு வருகிறவர், இனி ராத்திரியும் அங்கேயே தங்கப் போகிறார். மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை பிளைட்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் இது புதிதில்லை. தெருவை அடைத்து வீடு, உள்ளே ஓர் ஆச்சியோ ஐயாவோ, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும், மருந்து எடுத்துக் கொடுப்பது சமையல்கார அம்மா அல்லது வாட்ச்மேன் மனைவி. அந்த அம்மாக்களை வார்டில் யாரும் உட்காரக்கூடச் சொல்வதில்லை.

மே 7, புதன்

நேற்று சாயங்காலமும் இன்று காலையும் அந்த அக்காவோடுதான். முதல் பத்து நிமிடம் குழாயைத் தொடவே பயந்தார். நான் பிடித்து, அவர் கையை மேலே வைத்துக்கொள்ளச் சொல்லி, அப்புறம் மாற்றிப் பிடித்தோம். கட்டில் தலைமாட்டைத் தூக்க வேண்டும், பாதி உட்கார்ந்த மாதிரி, 30 முதல் 45 டிகிரி. டிகிரி சொன்னால் யாருக்கு விளங்கும்? எத்தனை தலையணை என்று வைத்தே பார்த்துக்கொண்டோம். கஞ்சியை வடிகட்டி, வெதுவெதுப்பாக, ஒரு வேளைக்கு 200 மில்லி. சிரிஞ்சில் ஊற்றி உயரப் பிடித்தால் தானாக இறங்கும், அழுத்தித் தள்ளக் கூடாது. முடிந்ததும் சுத்தமான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். ஊற்றி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆச்சியைப் படுக்கப் போடக் கூடாது. நடுவில் இருமினாலோ மூச்சு வாங்கினாலோ நிறுத்திவிட வேண்டும்.

மூக்குக்குப் பக்கத்தில் குழாயில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட ஊற்றாமல் எனக்குப் போன். இதை மட்டும் மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டேன்.

"புரிஞ்சுதா?" என்று நான் கேட்பதை விட்டுப் பல காலம் ஆகிறது. கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள், சொல்லாமல் என்ன செய்வார்கள், நாம் வெள்ளை உடுப்போடு அவசரத்தில் நிற்கிறோம். "வீட்டுக்குப் போனதும் தம்பி கேட்டா எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்று கேட்டால்தான் எது தங்கியிருக்கிறது என்று தெரியும். நாங்கள் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை கேட்டவுடனே மறந்துபோகிறது, நினைவிருப்பதிலும் பாதியளவு தப்பாக இருக்கிறது என்று 2003-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். வார்டில் ஒரு வாரம் நின்றவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

அக்காவுக்கு எழுதப் படிக்க வராது, ஆனால் அன்றைக்கே சிறந்த கேள்வியைக் கேட்டவர் அவர்தான். "மாத்திரையெல்லாம் பொடிச்சு ஊத்திரலாமா சிஸ்டர்?" டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தால் வயிற்றுக்கான மாத்திரை ஒன்று, மேலே பூச்சு உள்ளது, பொடிக்கவே கூடாது. வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலில் போய்க் கரையத்தானே அந்தப் பூச்சு. டாக்டரைக் கூப்பிட்டேன், வேறு மருந்து எழுதித் தந்தார். சிங்கப்பூர் தம்பியின் பட்டியலில் இந்தக் கேள்வி இல்லை. ஊற்றப் போகிறவருக்குத்தான் அது தோன்றும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆச்சியைப் புரட்டிப் போடுவதற்குச் சார்ட் வரைந்தேன். வலது, இடது என்று எழுதினால் யாருடைய வலது என்ற குழப்பம் வரும். கட்டில் எங்கே போடப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, வளவை, அதாவது தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தை, ஒட்டின அறை என்றார். அப்படியானால் ஒரு பக்கம் வளவு, ஒரு பக்கம் சுவர். தூண் படம் போட்டால் வளவுப் பக்கம் பார்த்துப் படுக்கை, கட்டம் போட்டால் சுவர்ப் பக்கம். அவரே சொன்ன யோசனை. தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல்லும் வரையலாமே என்று தம்பி சிரித்தார். வரைய நேரமில்லை.

மே 9, வெள்ளி

கோட்டையூர்க்காரர் ஒருவர். வீட்டிலேயே இன்சுலின் போட்டும் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவே இல்லை. "இவர் ஒழுங்கா போடுறதில்ல, ஸ்வீட்டு சாப்பிடுறார்" என்று மனைவி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சண்டை முடியட்டும் என்று காத்திருந்து, "வீட்டில் போடுற சிரிஞ்சைக் காட்டுங்க ஐயா" என்றேன். ஆரஞ்சு மூடி. பாட்டிலில் 40 என்று அச்சடித்திருக்கிறது.

இது தெரியாதவர்களுக்கு: பாட்டில் மருந்தில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றால் சிவப்பு மூடி சிரிஞ்ச்தான். ஆரஞ்சு மூடி 100-க்கானது. 100 சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை 40 மருந்தை ஏற்றினால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். நேர்மாறாகச் செய்தால் இன்னும் ஆபத்து, 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட் போய்விடும், ஆள் மயங்கிவிடுவார். கடையில் சிவப்பு தீர்ந்துபோய் இதைக் கொடுத்திருக்கிறார்கள், இவரும் வாங்கியிருக்கிறார், கோடு கோடுதானே என்று. இனி காலிப் பாட்டிலையும் பழைய சிரிஞ்சையும் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள் என்றேன். ஸ்வீட் விஷயத்தில் மனைவி சொன்னதும் பொய்யில்லை, அது வேறு கதை.

மே 12, திங்கள்

செவிலியர் தினம். கேக், மெழுகுவர்த்தி, உறுதிமொழி. மதுரையில் இன்று அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்பதால் பாதிப் பேர் லீவு, மீதிப் பேர் இரட்டை ஷிஃப்ட். மேடையில் பேசியவர்கள் எல்லோரும் "சேவை", "தியாகம்" என்றே பேசினார்கள். ஒரு டிஸ்சார்ஜுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று யாராவது பேசியிருந்தால் கேக் இன்னும் இனித்திருக்கும். இன்ஷூரன்ஸ் அனுமதி வர நாலு மணி நேரம் காத்திருப்பவர்களுக்கு, அது வந்த அடுத்த நிமிடம் கட்டில் காலியாக வேண்டும். அந்த நாலு மணி நேரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவதுதான் நான் கண்ட வழி. புது ஸ்டாஃப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

மே 14, புதன்

அக்கா போன். குரல் சரியில்லை. குழாய்க்கு ஒன்றுமில்லை, கோடு இருந்த இடத்தில் இருக்கிறது, ஆச்சிக்கும் புண் எதுவும் இல்லை. வந்திருப்பது பெரியாச்சி. ஆச்சியின் அக்கா, தேவகோட்டையிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். "இத்தனை நாளா வாயில ஒண்ணும் வைக்காம இருந்தா நாக்குச் செத்துப் போகாதா, எந்தங்கச்சிக்கு ஒரு வாய் கும்மாயம் குடுக்கக் கூடாதா" என்று கரண்டியோடு நிற்கிறாராம். கும்மாயம் என்பது எங்கள் பக்கத்து உளுந்து இனிப்பு. தடுத்தால் "எனக்கு நீ சொல்றியா" என்கிறார். சம்பளத்துக்கு நிற்கிறவர் அதற்கு மேல் என்ன பேசுவார்?

விழுங்கும் சக்தி திரும்பாதவருக்கு வாயில் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும், அங்கே சளி கட்டி நிமோனியா ஆகும். அக்காவுக்கு இது அத்துபடி. ஆனால் தெரிந்து என்ன, அந்த வீட்டில் அவர் சொல் எடுபடாது. படித்த பாடத்தில் இதற்கென்று ஒரு பக்கமும் இல்லை.

பெரியாச்சியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். முதலில் நிமோனியாவைப் பற்றிப் பேசவில்லை. "ஆச்சி, நீங்க வந்தது நல்லதாப் போச்சு, வாய்க்குப் பக்குவம் பார்க்க ஆள் இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்று ஆரம்பித்தேன். உண்மையும் அதுதான், குழாய் போட்டவர்களுக்கு வாய் காய்ந்து வெடித்துப் போகும். கையைக் கழுவி, தலைமாட்டைத் தூக்கி, சுத்தத் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், ஈறு, எல்லாம் துடைக்க வேண்டும், சொட்டுத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கக் கூடாது, உதட்டுக்கு வாசலின். தினம் மூன்று நாலு தடவை. "கும்மாயம் எப்போ குடுக்கலாம்னு டாக்டர் முழுங்க வச்சுப் பார்த்துட்டுச் சொல்லுவார், அன்னிக்கு நீங்களே கிண்டுங்க, அதுக்கு முன்னாடி குடுத்தா மூச்சுக் குழாய்க்குள்ள போயிரும் ஆச்சி." கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: "வெந்நியில நனைக்கணுமா, பச்சத் தண்ணியா?"

டாக்டரிடம் "வாய் வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் ஒரு தாளும் கையெழுத்து வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெரியாச்சி ஊருக்குப் போனாலும் அடுத்து யாராவது வருவார்கள். தாள் பேசட்டும், அக்கா பேச வேண்டாம்.

மே 17, சனி

அதிலிருந்து ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். யார் செய்யப் போகிறார் என்பதோடு, வீட்டில் யார் சொன்னால் நடக்கும் என்பதையும் கேட்கிறேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கட்டிலருகே இருக்க வேண்டும், செய்கிறவர் செய்து காட்டும்போது அதிகாரம் உள்ளவர் பார்க்க வேண்டும். இன்று ஒரு ஐயாவுக்கு அப்படித்தான், குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பையை இடுப்புக்குக் கீழேயே தொங்கவிட வேண்டும் என்று மருமகள் செய்து காட்ட, மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். நடுவில் இரண்டு குறுக்குக் கேள்வி வேறு. நல்ல கேள்விகள்தான்.

கானாடுகாத்தான் அக்காவுக்கு இன்னொன்றும் சொன்னேன். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் நடக்கிறது, பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோவும் வருவார்கள். ஊர் தன்னார்வலரிடம் பெயர் கொடுத்து வையுங்கள் என்றேன். "பெரிய வீட்டு ஆளுகளுக்கும் வருவாகளா?" என்று கேட்டார். நோய்க்கு வீடு பெரிதா சிறிதா என்று தெரியுமா என்றேன், சிரித்தார். நாளைக்கே போய்ப் பெயர் கொடுப்பதாகச் சொன்னார்.

21-ம் தேதி புதன்கிழமை ஆச்சிக்கு ரெவ்யூ, விழுங்க வைத்துப் பார்க்கப் போகிறார்கள். சார்ட்டைக் கட்டாயம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், பெரியாச்சியையும்.