காய்ச்சலும் மூன்று மணி மீட்டிங்கும்

ஸ்டுட்கார்ட் போய் இரண்டு வருடம் ஆகிறது, இப்போது லீவில் குடியாத்தம் வந்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் ஜெர்மனியில் வேலை எப்படி என்றுதான் கேட்கிறார்கள். அங்கே வரப்போகிறவர்களுக்காக ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

சேர்ந்த முதல் நாள் ஒரு பெட்டி கொடுத்தார்கள். நோட்டு, பேனா, ஒரு வெள்ளைக் கப். 'ஒருவருக்கொருவர் துணை' என்று கப்பில் ஜெர்மனில் போட்டிருந்தது, லிஃப்ட் பக்கத்துச் சுவரிலும் ஆள் உயரத்துக்கு அதே வரி. நான் முழுசாக நம்பினேன். போட்டோ எடுத்து அம்மாவுக்கும் அனுப்பினேன்.

ஐந்தாவது மாதம், பிப்ரவரிக் குளிரில், 39 டிகிரி காய்ச்சல். டாக்டர் மூன்று நாள் ஓய்வு எழுதினார். அம்மா போனில் சொல்லச் சொல்ல மிளகும் சுக்கும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்து, அந்தக் கப்பிலேயே ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தபோது டீம் லீடரின் மெசேஜ் வந்தது: 'சீக்கிரம் குணமாகுங்கள். மூன்று மணி மீட்டிங்குக்கு மட்டும் வர முடியுமா?'

போனேன். என் தகுதிகாண் காலம் ஆறு மாதம், அதற்குள் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம், வேலை போனால் விசா என்ன ஆகும் என்ற பயம் வேறு. இருமி இருமிப் பேசினேன். போய்ப் படுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பக்கத்து சீட்டில் இருந்த துருக்கிக்கார அக்காதான் அப்புறம் விவரம் சொன்னார். சேர்ந்து நாலு வாரம் தாண்டிவிட்டால், உடம்பு சரியில்லாத நாட்களுக்கு ஆறு வாரம் வரை கம்பெனி முழுச் சம்பளம் தரவேண்டும் என்பது சட்டம், டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு மீட்டிங்கில் உட்காரும் கட்டாயமே கிடையாது. முதல் நாள் பெட்டியில் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கலாம்.

நைனாவிடம் போன வாரம் இதைச் சொன்னேன். அவர் பேரணாம்பட்டில் தோல் கம்பெனியில் டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போடுகிற வேலை பார்த்தவர், விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். ஒரு நாள் போகவில்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை.

"சம்பளம் புடிச்சானா?"

"இல்ல நைனா."

"அப்புறம் இன்னாடா?"

சட்டென்று பதில் வரவில்லை. அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தச் சம்பளம் சட்டம் வாங்கிக் கொடுத்தது. கம்பெனி தானாக வாய்விட்டுச் சொன்னது துணை ஒன்றுதான், அது தேவைப்பட்ட அன்றைக்கு வரவில்லை. எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

நான் ஊருக்குக் கிளம்பிய வாரம், எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஆம்பூர்ப் பையன் காய்ச்சல் என்று மெசேஜ் போட்டிருந்தான். மீட்டிங்கில் அவன் பெயர் வந்ததும், "அவன் படுத்திருக்கிறான், அவன் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். டீம் லீடர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் சரி என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.