சமவெளி வண்டியை மலைக்குப் பழக்குதல்: பழைய சிபிஆர் 250ஆர், இதுவரை

கோவையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஹோண்டா சிபிஆர் 250ஆர் பைக் இது. 2011-இல் இந்தியாவுக்கு வந்து, பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி அமலான 2020-இல் விற்பனையிலிருந்து போன மாடல். 13 லிட்டர் டேங்க், ஆறு கியர், முன்னும் பக்கமும் மூடிய முழு ஃபேரிங். தூரம் போக வேண்டும், பெரிய வண்டிக்குக் காசில்லை என்பவர்களுக்கு இன்றும் நல்ல தேர்வுதான். விற்றவர் சேலம், பெங்களூரு என்று நாலுவழிச் சாலையிலேயே ஓட்டியவர். “கை வலி, முதுகு வலி ஒண்ணும் வராதுங்க” என்றார். அவர் சொன்னது அவருக்கு உண்மை. நான் இருப்பது கோத்தகிரியில்.

இங்கிருந்து எந்த ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் இறக்கம். அதைத் தாண்டி அன்னூர், அவிநாசி போய் நெடுஞ்சாலையைப் பிடிப்பதற்குள் மணிக்கட்டு செத்துவிடும். விசித்திரம் என்னவென்றால், சங்ககிரி நெருங்கும்போது வலி தானாகவே குறையும். காரணம் காற்றுதான். தொண்ணூறில் போகும்போது எதிர்காற்று நெஞ்சைத் தாங்கிப் பின்னால் தள்ளுகிறது. கையில் விழும் பாரம் குறைகிறது. கொண்டை ஊசி வளைவில் முப்பதில் இறங்கும்போது அந்தத் தாங்கல் கிடையாது. சரிவும் பிரேக்கும் சேர்ந்து உடம்பை டேங்க் மேல் தள்ள, மொத்தமும் உள்ளங்கையில் வந்து உட்காருகிறது. யூடியூபில் சொல்லும் ‘டூரிங் செட்டப்’ எல்லாம் நேர்சாலைக்கானது. ஹேண்டில்பாரைத் தூக்கு, காற்றைத் தடுக்க முன்னால் உயரமான கண்ணாடி போடு என்பார்கள். எங்களுக்கு வரிசை வேறு.

முதலில் வலியே இல்லாத இடத்திலிருந்து தொடங்கினேன்: டயர். நேர்சாலையிலேயே ஓடிய பின்டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருந்தது. வளைவில் சாய்க்கும்போது முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு திடீரென்று விழும். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். அதைப் பார்த்தபோது யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முன்னால் 110/70-17, பின்னால் 140/70-17, அதே அளவில் புதிதாகப் போட்டாயிற்று.

அடுத்து கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துக் குண்டு பேரிங். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நேர்நிலையில் ஒரு சிறு பள்ளத்தில் ‘டக்’கென்று நின்றது. வருடக்கணக்கில் நேராகவே ஓடினால் குண்டுகள் ஒரே இடத்தில் அடித்துக் குழி பறித்துவிடும். நெடுஞ்சாலையில் இது தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் அந்தக் குழியைத் தாண்ட நாம் அறியாமலே தோளை இறுக்கிக்கொண்டிருப்போம். மாற்றிய பிறகு என் தோள்வலியில் பாதி போய்விட்டது. சீட்டைத் தொடவே இல்லை, ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் வாங்கவே இல்லை, அதற்குள் பாதி! பழைய வண்டியில் ‘உட்காரும் தோரணை சரியில்லை’ என்று நினைப்பதில் நிறைய விஷயம் வெறும் தேய்மானம்தான்.

சஸ்பென்ஷனுக்கு ஒரு அளவு டேப்பும் மச்சானும் போதும். வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே வால் பக்கம் ஒரு புள்ளி வரை அளந்தோம். பிறகு நான் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு உட்கார்ந்து, அதே அளவு. சாலை வண்டிக்கு இந்த வித்தியாசம், அதாவது நம் பாரத்தில் பின்பக்கம் அமுங்கும் அளவு, 30, 35 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. எனக்கு 40-ஐத் தாண்டியிருந்தது. சி-ஸ்பேனரால் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, கூட்டியதும் 34-க்கு வந்தது. பின்பக்கம் உயர்ந்தால் உடம்பு இன்னும் முன்னால் சரியுமே என்று மச்சான் கேட்டது நியாயமான கேள்வி. அதைத் தீர்க்க வேண்டியது சீட்.

இந்த வகை வண்டிகளில் சீட் டேங்க் பக்கம் சரிந்துதான் இருக்கும். டேங்க் பக்கத்தை உயர்த்தலாம் அல்லது பின்பக்கத்தைச் செதுக்கலாம். உயர்த்தினால் கால் எட்டாது; ஏற்றத்தில், வளைவின் உள்பக்கச் சரிவில் காலூன்ற நேர்ந்தால் அந்த ஒரு அங்குலம்தான் வண்டியைக் காப்பாற்றும். அதனால் செதுக்கச் சொன்னேன். முழங்கால் கொஞ்சம் கூடுதலாக மடங்குகிறது, பரவாயில்லை.

மேட்டுப்பாளையம் சீட் கடைக்காரர், “மெத்துனு போட்டுத் தரேனுங்க தம்பி, சோபா தோத்துரும்” என்றார். வேண்டாம் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு டீ ஆயிற்று. மெத்தென்ற ஃபோம் கடைக்குள் உட்கார்ந்து பார்க்கச் சுகம். ஒரு மணி நேரத்தில் அமுங்கி எலும்பு அடித்தட்டில் இடிக்கும். அழுத்தமான ஃபோம் முதலில் கல்லாகத் தெரியும், மூன்றாவது மணியில்தான் அதன் அருமை தெரியும். இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன். வழவழப்பில்லாத சொரசொரப்பான ரெக்சின். உட்காரும் இடத்தில் தையல் கூடாது. எங்கள் ஊர் மஞ்சில் தையல் வழியாக ஈரம் இறங்கினால் ஃபோம் ஒரு வாரத்துக்குக் காயாது. ரெக்சினுக்கு அடியில் ஒரு பாலிதீன் தாளும் விரிக்கச் சொன்னேன்.

டேங்கின் இருபுறமும் ரப்பர் கிரிப் ஒட்டினேன். இறக்கத்தில் முழங்காலால் டேங்கைக் கவ்விப் பிடித்தால் உள்ளங்கை கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. மொத்த வேலையிலும் மலிவானது இது. பலன் அதிகமானதும் இதுதான். பிரேக், கிளட்ச் லீவர்களைச் சற்றுக் கீழே திருப்பி முன்கைக்கு நேராக வைத்தது செலவே இல்லாத வேலை.

இத்தனைக்கும் பிறகுதான் ஹேண்டில். கோவை கணபதியில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? அலுமினியத்தில் 15 மில்லிமீட்டருக்கு ஸ்பேசர் கடைந்து வாங்கி, அதற்கேற்ற நீள போல்ட் போட்டாயிற்று. இதற்கு மேல் தூக்கினால் கேபிள் இழுபடும். மாட்டியதும் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுக்கம் என்று அர்த்தம். கொண்டை ஊசி வளைவில் வண்டி தானாகப் பாய்வதை யாரும் விரும்பமாட்டார்கள்.

பிரேக் ஆயிலையும் மாற்றினேன். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்துவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினையே பிடிக்க விட்டாலும், பழைய ஆயிலை நம்பி இங்கே இறங்குவது எனக்குச் சரிப்படாது.

டயர் காற்றழுத்தம் பற்றி மச்சானோடு ஒரு வாக்குவாதம். மேலே நிரப்பினால் கீழே குறையும் என்பது அவன் கட்சி. கணக்குப் போட்டோம். ஏறத்தாழ 1,800 மீட்டரிலிருந்து 300 சொச்சம் மீட்டருக்கு இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் கேஜில் இரண்டு பிஎஸ்ஐக்குச் சற்று மேல் குறைய வேண்டும். ஆனால் 15 டிகிரி குளிரிலிருந்து 33 டிகிரி வெயிலுக்கு வருவதால் ஏறக்குறைய அதே அளவு கூடுகிறது. ஆக, இரண்டும் கழிந்து அப்படியே நிற்கிறது. இருவரும் ஜெயித்ததாக அறிவித்துக்கொண்டோம்.

உயரமான கண்ணாடி வாங்குவதில்லை என்று முடிவு. நெஞ்சில் படும் காற்றை அது தடுத்துவிட்டால், சமவெளியில் இலவசமாகக் கிடைக்கும் தாங்கலும் போய்விடும். டாப் பாக்ஸும் வேண்டாம். பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் பாரம் ஏறினால் ஏற்ற வளைவில் முன்சக்கரம் லேசாகிறது. இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் சேடில் பேக் பார்த்து வைத்திருக்கிறேன். அதற்குமுன் முன்சக்கர ஷாக்கான ஃபோர்க்கில் ஆயில் மாற்ற வேண்டும், சீல் ஒருபக்கம் கசியத் தொடங்கியிருக்கிறது. அது முடிந்ததும் பழனி வழியாகக் கொடைக்கானல்: ஒரு மலை இறங்கி, சமவெளி கடந்து, இன்னொரு மலை ஏறும் வழி.