பில் போடும் லேத்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமா வைத்திருக்கும் குட்டி லேத்தில், அதாவது கடைசல் மெஷினில், உளியைத் தானாக நகர்த்தும் ஆட்டோ ஃபீட் கெட்டுப் பல வருஷம் ஆகிறது. கைச்சக்கரத்தைச் சுற்றித்தான் உளி உட்கார்ந்திருக்கும் கேரேஜை நகர்த்துவார். பக்கத்து வெள்ளிப் பட்டறை மெஷின்களுக்குப் பித்தளை புஷ் (தண்டு சுற்றும் குழல்) கடைவது அன்றாட வேலை. அந்த புஷ்ஷைத் தடவினாலே போதும், மாமாவுக்கு எங்கே போன் வந்தது, எங்கே டீ வந்தது என்று சொல்லிவிடலாம். அங்கெல்லாம் கை நின்று வரி விழுந்திருக்கும்.

"கியர் மாத்தற காசுக்கு லேத்தையே மாத்திரலாம் மாப்ள" என்பார்.

பழைய இரும்புக் கடையில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் எடைக்குக் கிடைத்தது. உள்ளே ஸ்டெப் ஸ்டெப்பாக அளந்து சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார், பல் பெல்ட், தாள் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார். இப்போதைய இங்க்ஜெட்டுகள் பலவற்றில் சாதா டிசி மோட்டார்தான். அதனால் பழசுக்குத்தான் மவுசு.

இந்த மோட்டாரையே லேத்துக்கு ஃபீட் ஆக்கலாம் என்று எடுத்தேன். அதில் ஆறு ஒயர். இரண்டிரண்டாகத் தொடவைத்துத் தண்டை விரலால் திருகினால், ஒரே காயிலின் ஒயர்கள் சேரும்போது தண்டு முரண்டு பிடிக்கும். மூன்று மூன்றாகப் பிரிந்துவிடும். அதில் நடு ஒயர் எது என்பதற்கு மட்டும் சோம்பல் படாமல் மீட்டர் எடுக்க வேண்டும்.

சுற்றுக்கு 200 ஸ்டெப். கேரேஜைத் தள்ளும் திருகு ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்த்தும். அப்படியானால் ஸ்டெப்புக்கு 0.01 மி.மீ. ஆனால் நேராக மாட்டினால் மோட்டார் முனகுமே தவிர நகராது. புல்லி வைத்து நாலில் ஒன்றாக வேகத்தைக் குறைத்ததும் வழிக்கு வந்தது. அர்டுயினோ என்ற குட்டி கன்ட்ரோல் போர்டு, மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் ஒரு டிரைவர் போர்டு, வேகத்துக்கு ஒரு குமிழ், அவ்வளவுதான். திருகுப் புரி வெட்டுமா என்று கேட்காதீர்கள், கடையும் பொருளைப் பிடித்துச் சுற்றும் சக் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று இதற்குத் தெரியாது.

வரி போய்விட்டது. பிரின்டரின் குரல் போகவில்லை. புஷ் வாங்க வந்த கொலுசுப் பட்டறை அண்ணன் அந்த ‘ஙீஈஈ’யைக் கேட்டு, "பில்லெல்லாம் எதுக்குங்க, துண்டுச் சீட்டே போதும்" என்றார்.

தாள் சென்சாரை சக் பக்கம் வைத்திருந்தேன், கேரேஜ் போய் இடிக்காமல் நிறுத்த. பித்தளை பொடியாகத்தான் விழும், தொந்தரவில்லை. ஒருநாள் மாமா இரும்புக் கம்பி கடைந்தார். சுருள் ஒன்று பறந்துபோய் சென்சாரின் பிளவில் உட்கார்ந்துவிட்டது. பாதி ஜாபில் ஃபீட் நின்றது. உடனே எனக்குப் போன்.

"மாப்ள, லேத்துல பேப்பர் சிக்கிருச்சு."

பின்னாலிருந்து அத்தை குரல்: "ரிப்பன மாத்திப் பாக்கலாமான்னு கேளுங்க."