ஜெலப் லாவைத் தாண்டிய கர்னல்

ரோங்லியில் அனுமதிச் சீட்டு வாங்கியது முதல் வண்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஜுலுக்கைத் தாண்டினால் அடுக்கடுக்காகக் கொண்டை ஊசி வளைவுகள். தம்பி என்ற காட்சிமுனையில் எல்லோரும் இறங்கிப் படமெடுத்தார்கள். கிழக்கு சிக்கிமின் இந்தப் பழைய பட்டுப்பாதைக்கு நான் வந்த காரணம் ஒரு கணவாய். குப்புப் அருகே, ஏறக்குறைய 14,000 அடி உயரத்தில், சீன எல்லையில் இருக்கிறது ஜெலப் லா. 1903 டிசம்பரில் ஃபிரான்சிஸ் யங்ஹஸ்பண்டின் தூதுக்குழு படையோடு இதைத் தாண்டித்தான் திபெத்துக்குள் இறங்கியது.

இன்றைய பாகிஸ்தானின் மர்ரீயில் 1863-இல் பிறந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி யங்ஹஸ்பண்ட். 1887-இல் பீக்கிங்கிலிருந்து கோபி பாலைவனம், காஷ்கர் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது காரகோரத்தின் முஸ்தாக் கணவாயை ஏறிக் கடந்தார். மலையேற்றக் கருவி எதுவும் இல்லை. தலைப்பாகைகளையும் இடைக்கச்சைகளையும் முடிந்து கயிறாக்கி, பனிச்சரிவில் இறங்கினார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கால் கூசுகிறது. இரண்டு ஆண்டு கழித்துப் பாமீர்ப் பகுதியில் ரஷ்ய அதிகாரி கிரோம்ப்செவ்ஸ்கியைச் சந்தித்து, இருவரும் வோட்காவும் பிராந்தியும் பகிர்ந்து குடித்தார்கள். பிரிட்டன், ரஷ்யா என்ற இரு பேரரசுகளின் ஒற்றாடலில் இப்படியும் ஓர் இரவு!

அதுவரை அவரை எனக்குப் பிடிக்கும். அதன் பிறகுதான் திபெத்.

திபெத்தின் தலைநகரான லாசாவில் ரஷ்யர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று வைஸ்ராய் கர்சன் அஞ்சினார். வணிகம், எல்லை பற்றிப் பேசத்தான் போகிறோம் என்றார்கள். கூடவே மாக்ஸிம் என்ற இயந்திரத் துப்பாக்கிகளும் போயின. சுமை தூக்கிய கூலிகள் பலர் குளிரிலேயே மடிந்தார்கள். 1904 மார்ச் 31 அன்று குரு என்ற ஊருக்கு அருகே, திபெத்தியர்களின் ஆயுதங்களைப் பறிக்கும்போது கைகலப்பு மூண்டது. திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகளும் வாள்களும் ஏந்தி நின்ற திபெத்தியர்களில் அறுநூறு பேருக்கு மேல் சில நிமிடங்களில் மாண்டார்கள். எஞ்சியவர்கள் ஓடவில்லை, தலை குனிந்து நடந்தே போனார்கள். முதுகுகளை நோக்கியும் சுட்டார்கள்.

ஆகஸ்டில் லாசாவை அடைந்தபோது அங்கே ரஷ்யப் படையும் இல்லை, ரஷ்ய ஆயுதக் கிடங்கும் இல்லை. பதின்மூன்றாம் தலாய் லாமா மங்கோலியாவுக்குப் போயிருந்தார். செப்டம்பர் 7 அன்று பொட்டாலா மாளிகையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. திபெத் 75 லட்சம் ரூபாய் தர வேண்டும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம். அது தீரும்வரை, ஜெலப் லாவுக்கு அந்தப் பக்கமுள்ள சும்பிப் பள்ளத்தாக்கு பிரிட்டன் வசம் இருக்கும். இது லண்டனுக்கே அதிகமாகப் பட்டது. பிறகு 25 லட்சமாகக் குறைத்தார்கள்.

லாசாவை விட்டுப் புறப்படும் தறுவாயில் யங்ஹஸ்பண்ட் ஒரு மலைமேல் தனியே அமர்ந்திருந்தபோது உலகமே அன்பால் நிறைந்திருப்பதாக உணர்ந்தாராம். 1936-இல் உலக சமயப் பேரவையைத் தொடங்கியதற்கு அந்த அனுபவமே வித்து. அது பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் குருவில் சுடப்பட்டவர்களைத் தாண்டித்தான் அவர் அந்த மலைக்கு வந்தார். எவ்வளவு முயன்றாலும் இதை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

குப்புப்பில் காற்று ஆளைத் தள்ளியது, தலை கனத்தது. கணவாய்க்குப் போகலாமா என்று கேட்டதற்கு ஓட்டுநர் சிரித்துவிட்டார். 1962 போருக்குப் பின் அந்தப் பாதை மூடியே கிடக்கிறது. கண்ணில் படுவதெல்லாம் ராணுவ முகாம்கள்தான். போக நினைப்பவர்கள் ஜுலுக்கில் ஓர் இரவு தங்குங்கள், உயரம் பழகத் தொடங்கும். ரோங்லியில் அனுமதிக்கு அடையாள அட்டை நகலும் புகைப்படமும் கேட்பார்கள்.