பதினான்காம் லூயிக்கும் முறைத் தண்ணிதான்

எங்கள் மாமா எந்த ஊருக்குப் போனாலும் முதலில் திறந்து பார்ப்பது குழாயைத்தான். மதுரைப் பக்கம் ஒரு நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்து, 34 வருஷம் வால்வு திறந்து மூடி ஓய்வு பெற்றவர். பாரீசில் எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கிய கையோடு பாத்ரூமுக்குள் போனார். குழாயைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "பிரஷர் பரவாயில்லை" என்றார். ஐஃபில் கோபுரத்துக்குக்கூட அந்தப் பாராட்டு கிடைக்கவில்லை.

அவரையும் அத்தையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயி விரித்துக் கட்டிய வெர்சாய் அரண்மனைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னது என் வீட்டுக்காரர். சனிக்கிழமை ராத்திரி அவருக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. வந்ததா, வரவழைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆக மாமா, அத்தை, ஒன்பது வயதுப் பையன், புளியோதரை டப்பா எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு.

வெர்சாய் ஊருக்குள் முக்கியமாக மூன்று ரயில் நிலையங்கள் உண்டு. அரண்மனைக்குப் பக்கத்தில் இருப்பதன் பெயரில் 'ஷாத்தோ' என்று வரும், அரண்மனை என்று அர்த்தம். இன்னொன்றின் பெயர் ஷாந்தியே. ஏழு வருஷமாக இந்த ஊரில் இருந்தும் என் காதுக்கு ஷாத்தோவும் ஷாந்தியேயும் ஒன்றுதான். இறங்கி வெளியே வந்த பிறகுதான் அரண்மனை கண்ணில் படவில்லை என்பது உறைத்தது. இருபது நிமிஷ நடை. பட்டுப்புடவைக்கு அடியில் பேரனின் அப்பா வாங்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்த அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

டிக்கெட் 11 மணிக்கு. நாங்கள் தங்கமுலாம் பூசிய வாசல் கம்பிக் கதவுக்கு முன்னால் மூச்சிரைக்க நின்றது 11:25க்கு. அந்தக் கதவு வெயிலில் அடித்த ஜொலிப்பில் எனக்கே ஒரு நொடி வாய் பிளந்தது. மாமா பேரனைக் கூப்பிட்டார்.

"தம்பி, நம்ம நாயக்கர் மகால் எப்பக் கட்டினதுன்னு பாரு."

"1636, தாத்தா."

"இந்த லூயி?"

"பிறந்ததே 1638."

"அப்ப நமக்கு ஜூனியர்தான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உள்ளே நடந்தார்.

பாதுகாப்புச் சோதனையில் புளியோதரை டப்பாவைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். காவலர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். தோட்டத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, தாண்டிப்போய்க் கால்வாய்ப் பக்கம் சாப்பிடலாம் என்று விளக்கி அனுப்பினார்.

உள்ளே ஒவ்வொரு அறையும் முந்தின அறையை அடித்துச் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது. கூரையெல்லாம் ஓவியம், சுவரெல்லாம் பளிங்கு. ராஜாவின் படுக்கையறையில் கட்டிலுக்கு முன்னால் பொன்முலாம் பூசிய கிராதி போட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் ராஜா எழுந்திருப்பதைப் பார்க்கவே பிரபுக்கள் கூடுவார்களாம். அவருக்குச் சட்டையை எடுத்துக் கொடுப்பது பெரிய கௌரவமாம். நான் படித்ததைச் சொன்னேன். அத்தை கிராதியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "நானும் நாப்பது வருசமா எடுத்துக் குடுக்குறேன். எனக்கு எவன் கௌரவம் குடுத்தான்?"

அப்புறம் கண்ணாடி மண்டபம். 73 மீட்டர் நீளம், 17 ஜன்னல், அவற்றுக்கு எதிரே 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள். அந்தக் காலத்தில் இப்படிக் கண்ணாடி செய்யும் வித்தை வெனிஸ்காரர்கள் கையில் இருந்ததால் அங்கிருந்து ஆட்களை ஆசை காட்டி இழுத்து வந்தார்கள். முதல் உலகப்போர் முடிந்து 1919 ஜூன் 28ல் ஜெர்மனியோடு ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்த மண்டபத்தில்தான். இதையெல்லாம் கைடு மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்துத் திரும்பினால், அத்தை ஒரு கண்ணாடி முன்னால் நின்று தலையில் பூ இல்லாத குறையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். மாமா அத்தனை கண்ணாடிக்கும் முதுகைக் காட்டி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே தோட்டத்தில் இரண்டு பெரிய நீர்த்தொட்டிகள் வானத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கிடந்தன.

"ஏம்மா, இது மேட்டு நிலம்."

"ஆமா மாமா."

"பக்கத்துல ஆறு இருக்கா?"

"இல்ல மாமா."

"அப்ப தண்ணி எங்கேருந்து ஏத்துனான்?"

எனக்குத் தெரியவில்லை. அதோடு அரண்மனை முடிந்தது. ராணியின் அறைகளை நாங்கள் கடந்த வேகத்தில் தீயணைப்பு வண்டிகூடப் போயிருக்காது. நடுவில் அத்தைக்குப் பாத்ரூம் தேடியதில்தான் இருபது நிமிஷம் போனது. இவ்வளவு பெரிய அரண்மனையில் எனக்கு ஞாபகத்தில் நிற்கிற நீளமான வரிசை அதுதான்.

வெளியே தோட்டம். ஆந்த்ரே லெ நோத்ர் என்பவர் வடிவமைத்தது. நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. மரங்களைச் சுவர் மாதிரி வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து போனில் தேடி, மாமாவுக்குப் பாடம் எடுத்தேன். தண்ணீரில் ஒரு பகுதி சேன் நதியிலிருந்து வந்தது. மார்லி என்கிற இடத்தில் 14 பிரம்மாண்டச் சக்கரங்கள், 221 பம்புகள். 1681ல் ஆரம்பித்து 1684ல் ஓடவிட்டார்கள். அந்த இயந்திரம் ஆற்றுத் தண்ணீரை 150 மீட்டருக்கும் மேலே ஏற்றியது.

"கரண்ட் இல்லாமயா?"

"ஆறே சக்கரத்தைச் சுத்தும் மாமா."

அவர் வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஊரில் பெரிய லைன் உடைந்தால்தான் அப்படிச் செய்வாராம்.

அவ்வளவு பெரிய இயந்திரம் இருந்தும் எல்லா நீரூற்றுகளையும் ஒரே நேரத்தில் ஓடவிடத் தண்ணீர் போதவில்லை. அதனால் ராஜா தோட்டத்தில் நடக்கும்போது ஊழியர்கள் விசிலடித்துச் சைகை கொடுப்பார்கள். அவர் ஒரு நீரூற்றை நெருங்கும்போது வால்வைத் திறப்பார்கள், தாண்டிப் போனதும் மூடிவிடுவார்கள். இதைப் படித்ததும் மாமா படிக்கட்டிலிருந்து எழுந்தே விட்டார்.

"முறைத் தண்ணி! அட, முறைத் தண்ணிம்மா இது! எங்க சேர்மன் வீட்டுத் தெருவுக்கு நான் இதைத்தானே செஞ்சேன்? அவர் கார் முக்கு திரும்பும்போது திறப்பேன், போனதும் மூடிருவேன். ஊரே என்னை ஏசுச்சு. இங்க பாரு, ராஜாவுக்கே இதான் நெலமை."

34 வருஷத்துப் பழி ஒரு நொடியில் கழுவப்பட்ட முகம் அது. 1685ல் யூர் என்கிற ஆற்றையே வெர்சாய்க்குத் திருப்பக் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள், ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் வேலை செய்தார்கள், காய்ச்சலில் பலர் செத்தார்கள், போர் வந்ததும் பாதியில் நின்றுபோனது என்று அடுத்த பத்தியையும் படித்தேன். "கிடப்புல போட்ட திட்டம்" என்று தலையாட்டினார். எல்லாமே அவருக்குத் தெரிந்த ஊராக மாறிக்கொண்டிருந்தது.

கீழே லத்தோனா நீரூற்று. அடுக்கடுக்கான பளிங்கு மேடை, சுற்றிலும் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் தவளைகள், பாதி மனிதன் பாதித் தவளையாகச் சில உருவங்கள். தாகத்தோடு வந்த லத்தோனா என்கிற புராணத் தேவியைத் தண்ணீர் குடிக்கவிடாமல் குளத்தைக் கலக்கிய ஊர்க்காரர்கள் தவளைகளாகச் சபிக்கப்பட்ட கதை. மாமா ஒவ்வொரு தவளையாகச் சுற்றி வந்து பார்த்தார். "ரெண்டு மூணு பேரை எனக்குத் தெரியும்" என்றார்.

அங்கிருந்து கால்வாய்க்கு நீண்ட நடை. பெருங்கால்வாயின் நீளம் மட்டும் 1,670 மீட்டர். கரையில் துண்டை விரித்துப் புளியோதரை சாப்பிட்டோம். ஒரு காலத்தில் வெனிஸிலிருந்து வந்த கோண்டோலாப் படகுகள் மிதந்த தண்ணீர். இப்போது வாடகைத் துடுப்புப் படகில் ஒரு ஜோடி ஒரே இடத்தில் வட்டமடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ராணி மரி அன்துவானெத் தனக்கென்று கட்டிக்கொண்ட குட்டிக் கிராமத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அத்தை முட்டியைத் தடவிக்கொண்டே, "காசு செலவழிச்சுக் கிராமத்தைக் கட்டுனாளா? நாம கிராமத்தை வித்துல்ல டவுனுக்கு வந்தோம்" என்றார். அந்தத் திட்டமும் கிடப்பில் போடப்பட்டது.

திரும்பி வரும் வழியில்தான் அது நடந்தது. மரச்சுவர்களுக்கு நடுவே ஒரு சின்னப் பாதை. தரையில் ஒரு இரும்பு மூடி திறந்து கிடக்க, வேலைச் சட்டை போட்ட ஒருவர் நெஞ்சு உயர இரும்புச் சாவியை உள்ளே விட்டுத் திருகிக்கொண்டிருந்தார். வால்வு சாவி! திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணோம். அந்த ஆளுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது. மாமா இரண்டு கையாலும் காற்றில் சாவியைப் பிடித்து மெதுவாகக் கால் சுற்று திருப்பிக் காட்டினார். அடுத்து வேகமாகத் திருப்பி, ஒரு உள்ளங்கையால் மறு கையை 'டம்' என்று அறைந்தார். சட்டென்று மூடினால் குழாய் அதிரும், அதைத்தான் சொல்கிறார். அந்த ஆள் வாய்விட்டுச் சிரித்து, அவரும் கையை 'டம்' என்று அறைந்து காட்டி, முகத்தைச் சுளித்தார். ஏதோ ஒரு பழைய குழாய் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வேலை முடிந்து இரும்பு மூடியைப் போட்ட பிறகு, சாவியை மாமா கையில் கொடுத்தார். கோயிலில் பரிவட்டம் கட்டியவர் மாதிரி மாமா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் நான்கு போட்டோ எடுத்தான்.

"அந்தக் கம்பியைப் புடிச்சிருக்குற பக்குவத்தைப் பாரு" என்றார் அத்தை என்னிடம். "தாலி கட்டும்போதுகூட இவ்வளவு கவனமா இல்ல."

அன்றைக்குக் கடைசியாக ஓடவிட்ட நீரூற்றை நாங்கள் பார்க்கவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது கூட்டம் கலைந்து எதிரே வந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு வருத்தமே இல்லை. "சப்ளை நேரம் முடிஞ்சிருச்சு" என்று, எங்களுக்கே ஆறுதல் சொன்னார். ஷாத்தோ ஸ்டேஷனில் சரியாக ரயில் ஏறினோம்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு நடைவழியில் திகைத்து நின்றார். பையன் பாத்ரூம் வாஷ்பேசின் பக்கத்தில் குழாயைப் பிடித்தபடி நிற்கிறான். மாமா அறையிலிருந்து துண்டோடு வெளியே வந்ததும் இவன் விசிலடித்தான், தண்ணீர் திறந்தது. மாமா கம்பீரமாக வந்து முகம் கழுவினார். அவர் நகர்ந்ததும் குழாய் மூடியது, மெதுவாக, கால் கால் சுற்றாக.

"என்னடா இது?"

"ராஜா வர்றார்ப்பா. முறைத் தண்ணி."

சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "எனக்கு எவனும் விசிலடிக்க வேணாம். அந்தச் சட்டையை அவரையே எடுத்துப் போட்டுக்கச் சொல்லு, போதும்."