மூண்டாந்தரம் தப்பின மிளகாய்க் கண்டு

விசுவமடுவில இருந்துகொண்டு இருபது மிளகாய்க் கண்டு வைக்கிறது ஒரு வேலையோ எண்டு சிரிப்பீங்கள். நான் ஆடியில விதை போட்டனான். நட்டு முடியேக்க ஐப்பசி மழை வந்திட்டுது.

முதல் பக்கெற் கிளிநொச்சியில ஒரு கடையில வாங்கினது. மிளகாய் விதை ஏழு, பத்து நாளில தலை காட்டவேணும். பதினைஞ்சு நாளாகியும் தட்டு வெறுமை. பக்கெற்றைத் திருப்பி விலை ஸ்டிக்கரை உரிச்சால், கீழே திகதி முடிஞ்சு ஒரு வருசம்! திரும்ப பஸ் ஏறிக் கொண்டுபோனன். "உடைச்சதை மாத்தேலாது தங்கச்சி" எண்டிட்டார். பஸ் காசும் நட்டம். இப்ப எந்த விதையெண்டாலும் பத்தை எடுத்து ஈரத்துணியில சுத்தி வைச்சுப் பாத்திட்டுத்தான் மிச்சத்தைப் போடுறது.

ரெண்டாந்தரம் முளைச்சது வடிவாத்தான். அந்தப் புழுகத்தில காலமையும் பின்னேரமும் தண்ணி ஊத்தினன். ஒருநாள் விடியப் பாத்தால் பாதி சரிஞ்சு கிடக்கு. இலை பச்சை மாறேல்லை, ஆனால் மண்ணோட ஒட்டின இடத்தில தண்டு ஊறின நூல் மாதிரி. அடியழுகல். பக்கத்து வளவு அப்பு வேலியால எட்டிப் பாத்து, "நாத்துக்குத் தண்ணி விட்டனியோ பிள்ளை, முழுக வாத்தனியோ?" எண்டார். தோட்டத்து மண்ணை அப்பிடியே தட்டில போட்டதும் என்ர பிழைதான். தோட்டக்காரர் நாத்துமேடையில வைக்கலும் உமியும் பரவி எரிச்சுப்போட்டு விதைக்கிறது மண்ணில கிடக்கிற பூஞ்சணத்துக்காகத்தானாம். நான் தட்டுக்காரி. தும்புச்சோறும் (தேங்காய்த் தும்புத் தூள்) கொம்போஸ்ற்றும் பாதிக்குப் பாதி கலந்தன், தண்ணி காலமை மட்டும்.

மூண்டாந்தரம் ஒரு மாதம் மாமரத்துக்குக் கீழ நிண்டு நல்லா வந்துது. அவசரப்பட்டு ஒரு தட்டைத் தூக்கிப் பத்து மணி வெயிலில வைச்சிட்டு வேலைக்குப் போனன். கச்சான் காத்து வேற அடிச்சது. பின்னேரம் வந்து பாக்க, நரம்புக்கு நடுவில இலை வெளிறி, கடுதாசி மாதிரிச் சரசரத்துது. நிழலில வளந்த இலை எப்பிடித் தாங்கும்? நல்லகாலம், மற்றத் தட்டை எடுத்து வைக்க நேரம் கிடைக்கேல்லை.

அதை முதல் நாள் காலமை ஒரு மணித்தியாலம் மட்டும் வெளியில வைச்சன். பிறகு நாளுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டிக் கூட்டி, பத்து நாள். தண்ணியைக் குறைச்சன், வாட விடேல்லை. தண்டு கொஞ்சம் ஊதா பாஞ்சு இறுகினாப் பிறகுதான் பின்னேர வெயில் தாழ நட்டது. ரெண்டடிக்கு ஒண்டரையடி இடைவெளி, மூண்டு நாளைக்குப் பூவரசங்குழை மறைப்பு.

குழையை எடுத்த அண்டைக்கே மயில் வந்து ரெண்டைக் கிள்ளிப் போட்டுது. முல்லைத்தீவு மாமாட்டைப் பழைய மீன்வலை வாங்கிக் கட்டினன். பதினெட்டு நிக்குது. நேற்று அப்பு திரும்பவும் வேலியால எட்டிப் பாத்தார்.

"தட்டில நாலு கண்டு மிஞ்சிக் கிடக்கோ பிள்ளை?"