ஆயிரம் கஜத்தில் காற்றைப் படித்தல்

1890 முதல் பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் போட்டிகள் நடத்திவரும் பிஸ்லி சுடுதளத்தில், பயிற்சி வகுப்பை முடித்த கையோடு, நேற்று முதன்முறையாக 1000 கஜ இலக்கை நோக்கிக் குப்புறப் படுத்துச் சுட்டேன். தொலைநோக்கி கிடையாது, சிறு துளை வழியே குறிபார்க்கும் பார்வைக்குறியும் கையில் இறுக்கிய துப்பாக்கி வாரும் மட்டுமே துணை.

தோட்டா இலக்கை அடைய ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகிறது. குறுக்குக் காற்றின் வேகம் மணிக்கு 1 மைல் மாறினாலே அது சுமார் 10 அங்குலம் விலகிவிடும் என்பதால், கொடிகளையும் கானல் அலையின் ஓட்டத்தையும் பார்த்து, விசையைத் தொடும் முன்பே குறியைத் திருத்த வேண்டியிருக்கிறது. வலமிருந்து வீசிய காற்றுக்கு ஏற்பக் குறியை வலப்புறம் திருத்தியிருந்த நான், காற்று தணிந்ததைக் கவனிக்காததால், முதல் மூன்று குண்டுகளும் வலப்புறம் விலகின. ஒவ்வொரு குண்டுக்கும் காற்றின் நிலையைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிய பிறகே அவை நடுவட்டத்தை நெருங்கின. பிஸ்லியின் புகழ்பெற்ற அரசர் பரிசுப் போட்டியின் இறுதிச் சுற்று 900, 1000 கஜங்களில் நடப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.